பேரரசின் வரலாறு படிக்க விரும்பும் மகளின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

பேரரசும் மனிதநேயப் பணியும் குறித்த வரலாற்றில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று இளங்கலை இறுதியாண்டில் இருக்கும் தங்கள் மகள் சொல்வதையும், அது சோறு போடுமா என்று தாங்கள் கேட்டிருப்பதையும் படித்தேன். துறையின் பெயரைக் கேட்டதுமே மிரண்டுவிடும் பெற்றோர் பலர் என்பதால், முதலில் அது எதைப் பற்றியது என்று சொல்லிவிடுகிறேன்.

தாது வருடப் பஞ்சம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, 1876–78இல் வந்த அந்தப் பஞ்சத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த பிரிட்டிஷ் இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள், சென்னை மாகாணத்தில் நிவாரண வேலை செய்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியமும் சிறு காசும் போதும் என்றார். அது உடம்பு தாங்கப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். அதே 1877இல் இலண்டனில் இந்தப் பஞ்சத்துக்காகத் திரட்டப்பட்ட மேன்ஷன் ஹவுஸ் நிதிக்குப் பொதுமக்கள் நன்கொடை கொடுத்தனர். கூலியைக் குறைத்த கையும் நன்கொடை நீட்டிய கையும் ஒரே பிரிட்டிஷ் பேரரசினுடையவை. அது எப்படி நேர்ந்தது, உதவி பெற்றவர்கள் அதை எப்படிப் பார்த்தார்கள் என்று ஆவணங்களைக் கொண்டு விளக்குவதே இந்தத் துறையினரின் வேலை.

இனி வருமானம். முதுகலைக்குப் பின் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையுடன் முனைவர் பட்ட ஆய்வு செய்யலாம். ஏழாவது ஊதியக் குழுவின்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவே, கௌரவ விரிவுரையாளராகக் குறைந்த சம்பளத்தில் பல ஆண்டுகள் காத்திருக்க நேரலாம் என்பதை மறைக்க விரும்பவில்லை. வெளிநாட்டிலும் நிலைமை ஏறத்தாழ இதுதான். இத்துறைக்குப் பெயர்பெற்ற, இங்கிலாந்தின் எக்ஸிடர், மான்செஸ்டர் போன்ற பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவர்களும் நிரந்தர வேலைக்கு முன் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தங்களில் ஊர் ஊராக மாறிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே முழு நிதியுதவி கிடைத்தால் மட்டுமே தங்கள் மகளை வெளிநாட்டுக்கு அனுப்புங்கள். அதற்காக நிலத்தை விற்பதையோ அடகு வைப்பதையோ நான் ஒப்பமாட்டேன்.

தங்கள் மகளின் பெரிய பலம் தமிழ்தான். அன்றைய தமிழ் இதழ்களையும் பஞ்சக் கும்மிகளையும் அரசாணைகளோடு சேர்த்து வாசிக்கத் தெரிந்தவர் உலகிலேயே மிகச் சிலர். செஞ்சிலுவைச் சங்கத்தின் ஜெனீவா ஆவணங்கள்வரை போக எண்ணினால் பிரெஞ்சும் வேண்டியிருக்கும். அதை இப்போதே தொடங்கலாம்.

இந்த விடுமுறையில் கல்லூரிக் கடிதத்துடன் விண்ணப்பித்து, அனுமதி கிடைத்தால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஒரு மாதம் அமர்ந்து பழைய கோப்புகளைப் படிக்கச் சொல்லுங்கள். புழுதியும் மங்கிய கையெழுத்தும் பத்தே நாளில் அலுத்துவிட்டால், பி.எட்., குடிமைப் பணித் தேர்வு ஆகியவற்றைப் பற்றி அவரிடமே நேரில் பேசுகிறேன்.