கீழே முள், மேலே மூட்டை: சைக்கிள் டயர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டயரைப் பற்றியவை. எல்லாருமே "எந்தக் கம்பெனி டயர் நல்லது?" என்றுதான் ஆரம்பித்திருக்கிறார்கள். நான் கம்பெனி பெயர் சொல்லப்போவதில்லை. ஏன் என்பது முதல் பதிலிலேயே புரிந்துவிடும்.

தேவிபட்டினத்தில் மீன் எடுத்து, உள் ஊர்களில் கொண்டுபோய் விற்கிறேன். ஐஸோடு பெட்டி 60 கிலோ வரும். பின் டயர் நாலு மாதம் தாங்குவதில்லை, பக்கவாட்டில் வெடித்துவிடுகிறது. முன் டயர் ரெண்டு வருடமாக அப்படியே இருக்கிறது. கெட்டியான டயர் எது?

முன்னும் பின்னும் ஒரே டயர்தானே போட்டிருக்கிறீர்கள்? அப்படியானால் குற்றவாளி டயர் இல்லை. நீங்கள் 65 கிலோ, சைக்கிள் 20 கிலோ என்று வைப்போம். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, 55 கிலோ போல, பின்சக்கரத்தில் இறங்கும். கேரியரில் இருக்கும் பெட்டி கிட்டத்தட்ட முழுசாக அதன்மேல்தான். ஆக பின்னே 115 கிலோ, முன்னே 30. அது ரெண்டு வருடம் உழைப்பதில் என்ன ஆச்சரியம்?

பக்கவாட்டில் வெடிப்பது பெரும்பாலும் காற்றுக் குறைவால்தான். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் கீழே நசுங்கி, மேலே வந்ததும் நிமிரும். கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதே மாதிரி உள்ளே இருக்கும் நூல் அறுந்துகொண்டே வரும். ஒருநாள் அந்த இடம் புடைக்கும், மறுநாள் 'டமார்'.

டயரின் பக்கவாட்டில் அதிகபட்சக் காற்று எவ்வளவு என்று அச்சடித்திருக்கும். பின்சக்கரத்தில் அந்த அளவை ஒட்டியே வையுங்கள், முன்னே பத்துப் பதினைந்து பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைவாக இருக்கலாம். கட்டை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு "கல்லு மாதிரி இருக்கு" என்பது கணக்கில் சேராது. பாரம் ஏற்றும் டயரில் 30-க்கும் 50-க்கும் விரலுக்கு அவ்வளவாக வித்தியாசம் தெரியாது. மீட்டர் வைத்த பம்பு ஒன்று வாங்கினால், மிச்சமாகும் டயர் காசிலேயே அது அடைந்துவிடும். பழைய மாதிரி வால்வாக இருந்தால் உள்ளே இருக்கும் வால்வு டியூபையும் பாருங்கள். சுண்டுவிரல் நீளம்கூட வராத அந்த ரப்பர் இற்றுப்போனால், ராத்திரி அடித்த காற்று விடியற்காலையில் பாதிதான் இருக்கும். நீங்களோ விடியற்காலையில்தான் பாரம் ஏற்றுகிறீர்கள்.

புது டயர் வாங்கும்போது 28 × 1½ என்பதோடு 40-635 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். 40 அகலம், 635 ரிம்மில் உட்காரும் விட்டம், ரெண்டும் மில்லிமீட்டரில். நைலான் நூல் போட்டதாக, பக்கச் சுவர் தடித்ததாக எடுங்கள். அப்புறம், பெட்டியின் நடு இடம் பின்சக்கர அச்சுக்குப் பின்னால் போகாதபடி கட்டுங்கள். போனால் முன்சக்கரத்தின் பாரமும் பின்னுக்கே வந்து சேரும்.

வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை. தினமும் உப்புத் தண்ணீரில்தான் சைக்கிள் போகிறது. மாதம் ரெண்டு தடவை பஞ்சர். டயரில் ஒரு முள்ளும் இல்லை.

டியூபில் ஓட்டை எந்தப் பக்கம் என்று பஞ்சர் ஒட்டுகிறவரிடம் கேட்டீர்களா? வெளிப்பக்கம் என்றால் முள் அல்லது ஆணி. பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு கீறல் என்றால், காற்றுக் குறைவாகப் பள்ளத்தில் இறங்கி, ரிம்முக்கும் தரைக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. உட்பக்கம், அதாவது ரிம் பக்கம் என்றால், துரு. உங்களுடையது இதுவாகத்தான் இருக்கும் என்று படுகிறது.

ரிம்மில் துரு ஏறினால் சருகு மாதிரி உரிந்து முனை நீட்டும். சக்கரக் கம்பியின் முனையும் அதை மூடியிருக்கும் ரிம் டேப்பைத் தாண்டி எட்டிப் பார்க்கும். டயரைக் கழற்றி, ரிம்மை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்துக் காயவிட்டு, புது ரிம் டேப் போடுங்கள். துரு தின்று ரிம் மெலிந்திருந்தால் தேய்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். டயர் ஓரத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி வளையமும் துருப்பிடிக்கும். அதில் ரப்பர் விட்டுக்கொண்டிருந்தால், டயர் எவ்வளவு புதுசாகத் தெரிந்தாலும் பாரத்துக்கு ஆகாது. வேலை முடிந்ததும் ஒரு குடம் நல்ல தண்ணீரை ரிம்மில் ஊற்றுங்கள். நம் பக்கத்தில் நல்ல தண்ணீருக்கு இருக்கும் பாட்டை அறிந்தே சொல்கிறேன். அரைக் குடமானாலும் போதும்.

சாயல்குடி பக்கம் பனங்காட்டிலிருந்து கருப்பட்டி ஏற்றி வருகிறேன். வழியெல்லாம் உடைமுள், சீமைக்கருவேல முள். பழைய டியூபை வெட்டி டயருக்குள் போடலாமா?

போடலாம். என் கடையில் எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறேன். வால்வு இருக்கும் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, நீளவாக்கில் கிழித்து, ஓரங்களைச் சாய்வாகச் சீவிப் பவுடர் தூவிப் போட வேண்டும். சீவாமல் போட்டால் அந்த ஓரமே நல்ல டியூபை அராவிவிடும். ஆனால் நீண்ட கருவேல முள் நேராக ஏறினால் இதுவும் தடுக்காது.

நான் அதிகம் பார்க்கும் தவறு வேறு. முள் ஒடிந்து அதன் நுனி டயருக்குள்ளேயே நிற்கும். டியூபை மட்டும் ஒட்டி மாட்டினால் மறுநாள் அதே இடத்தில் பஞ்சர். டயரின் உட்புறம் முழுக்கப் பஞ்சை ஓட்டிப் பாருங்கள், முள் இருக்கும் இடத்தில் பஞ்சு சிக்கும். விரலை ஓட்டாதீர்கள், நான் ஓட்டி அனுபவித்திருக்கிறேன்.

தங்கச்சிமடம். பள்ளியில் மகளுக்குக் கொடுத்த இலவச சைக்கிளில் தண்ணீர்க் குடம் கட்டுகிறோம். அதற்கு கியர் சைக்கிளின் தடித்த 26 டயரைப் போட்டால் பாரம் தாங்குமா?

தாங்குவது இருக்கட்டும், ஏறாது. '26' என்று எழுதியதெல்லாம் ஒரே 26 இல்லை. 26 × 1⅜ என்றால் ரிம் விட்டம் 590 மில்லிமீட்டர், கியர் சைக்கிளின் 26 × 1.95 என்றால் 559. பழைய டயரில் 40-635 மாதிரி நடுவில் கோடு போட்ட எண்ணைப் பார்த்து, அதே எண்ணை வாங்குங்கள். 12 லிட்டர் குடம் நாலு கட்டினால் 48 கிலோ. அந்த மெல்லிய டயருக்கும் கேரியருக்கும் அது அதிகம். ரெண்டு குடமாக ரெண்டு நடை போங்கள்.

காற்றே வேண்டாத கட்டி ரப்பர் டயர் எப்படி?

பாரத்துக்கு வேண்டாம். பஞ்சர் ஆகாது, சரி. ஆனால் காற்று வாங்கிக்கொள்ள வேண்டிய அடியெல்லாம் கம்பிக்கும் ரிம்முக்கும் போகும். பஞ்சர் கடைக்குப் போகாமல் பெண்டு எடுக்கப் போவீர்கள்.

பகலில் வெயிலில் நிறுத்தினால் டயர் வெடிக்கும் என்கிறார்களே, காற்றைக் குறைத்து வைக்க வேண்டுமா?

காலையில் 27 டிகிரியில் 50 பி.எஸ்.ஐ. அடித்த டயர் 50 டிகிரிக்குச் சூடேறினாலும் 55 போலத்தான் ஆகும். நல்ல டயர் அதற்கு வெடிக்காது. வெயிலில் வெடித்தது என்றால் ஏற்கெனவே விண்டுபோன டயர், இல்லையென்றால் மாட்டும்போது டியூப் ஓரத்தில் சிக்கியிருக்கிறது. காற்றைக் குறைக்க வேண்டாம், சைக்கிளைப் பூவரச நிழலில் நிறுத்துங்கள்.