பள்ளி மாணவர்களை உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்ல எப்படித் திட்டமிட வேண்டும்?

கேள்வி: "எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சுமார் அறுபது பேரை அருகிலுள்ள அருங்காட்சியகம் ஒன்றுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. வெறுமனே சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், பிள்ளைகள் ஏதாவது கற்றுக்கொண்டு வர என்ன செய்யலாம்?"

மதுரை மாவட்டத்தில் சமூக அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். 2023 மார்ச் மாதம் கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்ட பிறகு மூன்று முறை மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். அவற்றுள் முதல் பயணம் தோல்வி என்றே சொல்ல வேண்டும். இரண்டு பேருந்துகளில் நூற்றுப் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு போய், அனைவரையும் ஒரே வாசலில் இறக்கிவிட்டு, "எல்லாவற்றையும் குறிப்பெடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் கண்ணாடிப் பேழைக்குள் இருந்த பொருளைப் பார்க்காமல் அதன் அருகிலிருந்த விளக்கப் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே நடந்தார்கள். திரும்பி வரும்போது என்ன பார்த்தாய் என்று ஒரு மாணவியிடம் கேட்டேன். "நாலு பக்கம் எழுதியிருக்கேன் சார்" என்றாள். தவறு அவளுடையதன்று.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது, அருங்காட்சியகத்தில் இருக்கும் அனைத்தையும் காட்டப் பார்க்கக் கூடாது என்பதுதான். ஆறு பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஆறின் முன்னாலும் பிள்ளைகள் பத்து நிமிடமாவது நிற்க வேண்டும். மற்றவற்றை விரும்பியவர்கள் விரும்பியபடி பார்த்துக்கொள்ளட்டும். இதற்கு நீங்கள் முன்கூட்டியே ஒரு முறை தனியாகப் போய் வந்தாக வேண்டும், அதைத் தவிர்க்க வழியில்லை. அந்த முன்பயணத்தில் கழிப்பறை எங்கே, அறுபது பேர் நிழலில் உட்கார்ந்து சாப்பிட இடம் உண்டா, பேருந்து எங்கே திரும்பும், நடக்கச் சிரமப்படும் மாணவருக்குப் படிகள் தடையாக இருக்குமா என்பதையெல்லாம் பார்த்துவிடலாம்.

என்னென்ன பொருள்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்கு நான் செய்ததைச் சொல்கிறேன். உங்கள் ஊர் அருங்காட்சியகம் வேறாக இருந்தாலும் முறை ஒன்றுதான்: பிள்ளைகளின் வீட்டில், தெருவில், விளையாட்டில் இன்றும் உயிரோடு இருக்கும் ஒன்றோடு தொடர்புடைய பொருளாகப் பார்த்து எடுக்க வேண்டும். கீழடியில் எனக்கு முதலில் கண்ணில் பட்டவை வட்டச் சில்லுகள். உடைந்த பானையின் ஓட்டை ஓரம் தேய்த்து வட்டமாக்கியவை, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதவை. எங்கள் பள்ளி மைதானத்தில் கட்டம் கிழித்துப் பாண்டி ஆடும் பெண் பிள்ளைகள் இன்றைக்கும் ஓட்டைத் தேய்த்துத்தான் சில்லு செய்கிறார்கள். பொன்னணியின் முன் நில்லாத ஒரு சிறுமி அந்தச் சில்லுகளின் முன் நின்று, "இது என்னோடதை விடப் பெரிசு" என்று சொன்னதை நான் கேட்டேன்.

இரண்டாவது, நூல் நூற்கும் தக்களிகள். மூன்றாவது, சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கிய உறைகிணறு; கிராமத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் சிமெண்ட் உறை இறக்கிய கிணற்றைப் பார்த்தவர்கள் என்பதால் இதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. நான்காவது, சூதுபவளம் என்ற செந்நிறக் கல்லில் செய்த மணிகள். அந்தக் கல் இந்த மண்ணில் கிடைப்பதில்லை, குஜராத், மகாராஷ்டிரம் போன்ற பகுதிகளிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றவுடன், யார் கொண்டு வந்தார்கள், பதிலுக்கு என்ன வாங்கிப் போனார்கள் என்று கேள்விகள் தாமாகவே எழுந்தன. ஐந்தாவது, உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக இருக்கும் மட்கலம். ஒரே பானைக்கு எப்படி இரண்டு நிறம் என்று ஒரு பையன் கேட்டான். சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உட்புறத்துக்குக் காற்று போகாமல் அது கறுத்துவிடும், காற்றுப் படும் வெளிப்புறம் மண்ணிலுள்ள இரும்பால் சிவக்கும் என்ற விளக்கத்தை அறிவியல் ஆசிரியரைக் கொண்டு சொல்ல வைத்தேன். சுற்றுலாவுக்கு வரலாற்று ஆசிரியர் மட்டும் போதாது என்பது அப்போதுதான் புரிந்தது.

ஆறாவது பொருளுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கினேன்: தமிழி (தமிழ் பிராமி) என்ற பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள். மாநிலத் தொல்லியல் துறை 2019ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி இத்தகைய ஓடுகள் ஐம்பத்தாறு கிடைத்திருந்தன. 'ஆதன்' என்பது அவற்றில் காணப்படும் பெயர்களுள் ஒன்று. போவதற்கு இரண்டு வாரம் முன்பே தமிழி எழுத்து அட்டவணையை வகுப்புச் சுவரில் ஒட்டிவிட்டேன். க என்பது கூட்டல் குறி போல இருக்கும் என்பதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். பிறகு குயவர் ஒருவரிடம் உடைந்த பானைகளை ஒரு சாக்கு வாங்கி வந்து, ஆளுக்கொரு ஓட்டில் ஆணியால் தம் பெயரைக் கீறச் சொன்னேன். சுட்ட ஓட்டில் கீறுவது எவ்வளவு கடினம், கோடு எப்படி வழுக்கிப் போகிறது என்பதைக் கை அறிந்த பிறகு, பேழைக்குள் இருக்கும் ஆதனின் ஓட்டை அவர்கள் பார்த்த பார்வையே வேறாக இருந்தது. விளக்கப் பலகையை யாரும் பார்க்கவில்லை; ஓட்டையே படிக்க முயன்றார்கள்.

காலக்கணிப்பைப் பற்றி ஒரு வகுப்பாவது முன்னதாக எடுத்துவிடுங்கள். "எத்தனை வருஷம் பழசு?" என்ற கேள்வி கட்டாயம் வரும். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு கரிம மாதிரியின் காலம் கி.மு. 580 என்று கணிக்கப்பட்டதையும், கரி ஒரு காலத்தில் உயிருள்ள மரமாக இருந்தது என்பதால்தான் அதைக் கொண்டு காலம் அறிய முடிகிறது என்பதையும் எளிமையாகச் சொல்லலாம். "மேலே கிடைத்ததும் அதே வயதுதானா?" என்று கேட்கும் பிள்ளை இருந்தால் உங்கள் வகுப்பு நன்றாகப் போயிருக்கிறது என்று பொருள். ஆழத்துக்கு ஆழம் காலம் மாறும் என்பதைச் சொல்லாமல், "கீழடி இத்தனை ஆண்டு பழைமை" என்று ஒற்றை எண்ணை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இனி நடைமுறை. தலைமை ஆசிரியர் வழியாகக் கல்வி அலுவலரின் அனுமதியும், பெற்றோரின் கையொப்பமிட்ட இசைவுக் கடிதமும் வாங்காமல் ஓர் அடியும் வைக்காதீர்கள். விடுமுறை நாளைத் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்யுங்கள். மாவட்டங்களில் உள்ள அரசு அருங்காட்சியகங்கள் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், தொல்லியல் துறையின் அருங்காட்சியகங்களுக்கு அதே நாள்தான் என்று நினைத்துவிடக் கூடாது. சனி, ஞாயிறுகளில் கூட்டம் மிகுதி என்பதால் வேலை நாளின் காலைப் பொழுதே நல்லது. பள்ளி மாணவர்களுக்கு நுழைவுக் கட்டணம் குறைவுதான், செலவெல்லாம் பேருந்துக்குத்தான். அந்தப் பணத்தை வசூலிக்கும்போது, கொடுக்க முடியாதவர்கள் யார் என்று வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்காதீர்கள். நான் மாணவராக இருந்தபோது அப்படி எழுந்து நின்றவன். போன இடம் மறந்துவிட்டது, நின்றது மறக்கவில்லை.

அறுபது பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆசிரியர், அவர்களில் ஒருவராவது ஆசிரியை என்று அமைத்துக்கொள்ளுங்கள். கீழடியில் செட்டிநாட்டுப் பாணியில் தனித்தனிக் கட்டடங்களாகக் கட்டி, வேளாண்மையும் நீர் மேலாண்மையும், கலம் செய்தல், ஆடை அணிகலன், கடல்வழி வணிகம் என்று பிரித்து வைத்திருப்பதால், ஒவ்வொரு குழுவும் வெவ்வேறு கட்டடத்தில் தொடங்கினால் நெரிசலே இராது. உங்கள் ஊரில் ஒரே கூடமாக இருந்தால், ஒரு குழு உள்ளே இருக்கும்போது மற்றக் குழுக்களை வெளியில் உட்கார வைத்து ஏதாவது வரையச் சொல்லலாம். மொத்தம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்; அதன் பிறகு பிள்ளைகளின் கண்கள் பொருளைப் பார்த்தாலும் மனம் கட்டுச்சோற்றில்தான் இருக்கும். புளியோதரை கெடாது, தேங்காய்ச் சட்னியைக் கண்டிப்பாகத் தடை செய்துவிடுங்கள். பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் தலையை எண்ணுவது மட்டும் போதாது, பெயரைச் சொல்லி அழையுங்கள், ஏனென்றால் வேறொரு பள்ளிப் பிள்ளை ஏறிக்கொண்டாலும் எண்ணிக்கை சரியாகவே வரும். எங்களுக்கு அப்படி ஒரு முறை நடந்தது. நல்லவேளையாகப் பேருந்து புறப்படுவதற்கு முன் அந்தப் பையனே, "சார், இது எங்க பஸ் இல்லை" என்றான்.

போய் வந்த பிறகு கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். "நாங்கள் காலையில் புறப்பட்டோம்" என்று தொடங்கும் அறுபது கட்டுரைகளை நீங்கள்தான் திருத்த வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக, வீட்டிலிருந்து ஒரு பழைய பொருளைக் கொண்டுவந்து, அருங்காட்சியகத்தில் இருப்பது போலவே அதற்கு ஒரு விளக்க அட்டை எழுதச் சொல்லுங்கள்: பொருள், செய்யப்பட்ட மூலப்பொருள், பயன், காலம். மரக்கால், அரிக்கேன் விளக்கு, பாக்குவெட்டி, கமலைக் கிணற்றின் மரச் சக்கரம் என்று எங்கள் வகுப்பே நிறைந்துவிட்டது. ஒருவன் பித்தளைக் கூஜா ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அவனுடைய அட்டையில் காலம் என்ற இடத்தில், "அப்பத்தா கல்யாணத்துக்கு முன், கொள்ளுத்தாத்தா ரங்கூனிலிருந்து வந்ததற்குப் பின்" என்று எழுதியிருந்தது. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆண்டு தெரியாத பொருளை, அதற்கு மேலும் கீழும் இருக்கும் மண்ணடுக்குகளைக் கொண்டு "இதற்கு முன், இதற்குப் பின்" என்று அகழாய்வாளர்கள் குறிப்பதும் இப்படித்தான் என்பதை மறுநாள் அந்த அட்டையைக் கரும்பலகையில் ஒட்டி அவனைக் கொண்டே விளக்க வைத்தேன்.