ஒரு கோடு விழுந்தால் நல்லதா?

கேள்வி: ஆறு மூட்டை கடலைப் புண்ணாக்கு வாங்கினோம். பூஞ்சை நச்சு பார்க்கும் பட்டையில் மகன் சோதித்தான், ஒரே கோடுதான் வந்தது. கொரோனா கிட்டில் ஒரு கோடு என்றால் பயமில்லையே, இதை மாட்டுக்கு வைக்கலாமா? (வாசகி, வாழப்பாடி)

பதில்: வைக்காதீர்கள். கொரோனா கிட்டுக்கு இது நேர் எதிர். இதில் இரண்டு கோடும் விழுந்தால்தான் நச்சு அளவுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். 'சி' பக்கத்தில் மட்டும் விழுந்தால் நச்சு கூடுதல். அந்த 'சி' கோடும் விழாவிட்டால் பட்டையே பழுது, வேறொன்றில் பாருங்கள்.

ஏன் இப்படி? கொரோனா வைரஸின் புரதம் பெரியது, ஒரு ஆன்டிபாடி (குறிப்பிட்ட பொருளைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம்) இந்தப் பக்கம் பிடித்தால் இன்னொன்று அந்தப் பக்கம் பிடிக்க இடம் இருக்கும். புண்ணாக்கில் நாம் பார்க்கும் பூஞ்சை நச்சான அஃப்ளாடாக்சின் பி1 ரொம்பச் சிறியது, மூலக்கூறு எடை 312தான், ஒரு ஆன்டிபாடி பிடித்துவிட்டால் அடுத்ததற்கு இடமில்லை. அதனால் கோடு விழும் இடத்தில் நச்சையே முன்கூட்டிப் பூசி வைத்திருப்பார்கள். நிறமேற்றிய ஆன்டிபாடி ஊறி வரும்போது உங்கள் புண்ணாக்கில் நச்சு இல்லையென்றால் அந்தப் பூச்சில் ஒட்டிக் கோடாகத் தெரியும், இருந்தால் அதை ஏற்கெனவே பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போய்விடும்.

இந்த ஆன்டிபாடியைச் செய்வதும் லேசில்லை. நச்சைத் தனியாக ஊசி போட்டால் எலியின் உடம்பு அதைக் கண்டுகொள்ளாது, மாட்டு அல்புமின் மாதிரி ஒரு பெரிய புரதத்தோடு கோத்துப் போட்டால்தான் எதிர்க்கும். 1975இல் கோலர், மில்ஸ்டீன் என்ற விஞ்ஞானிகள் இருவரும் ஒரே வகை ஆன்டிபாடியைத் தொடர்ந்து எடுக்க வழி கண்டார்கள், அப்புறம்தான் இந்தப் பட்டையெல்லாம். நச்சு தெரிய வந்ததே கடலைப் புண்ணாக்கால்தான்: 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் அதைத் தின்று செத்தன.

மகன் எங்கிருந்து எடுத்துச் சோதித்தான்? நச்சு மூட்டை முழுக்கப் பரவியிருக்காது, எங்கோ ஒரு கட்டியில் குவிந்திருக்கும். ஆறு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, எல்லாவற்றையும் இடித்துக் கலந்து, அதிலிருந்து எடுத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுங்கள். வெயிலில் காயவைத்தால் பூஞ்சை அடங்கும், நச்சு முழுசாகப் போய்விடாது. மாடு தின்றால் ஒரே நாளில் எம்1 என்ற வடிவில் பாலில் இறங்கிவிடும், காய்ச்சினாலும் போகாது. பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம், அந்தப் பாலைக் குடிப்பது வீட்டுக் குழந்தைகள்தானே. முடிவு வரும்வரை மூட்டைகளைத் தனியே வைத்துவிட்டுப் பசும்புல்லும் சோளத்தட்டும் போடுங்கள். கோழிக்கும் கொட்டிவிடாதீர்கள்.