சிறிய கட்டற்ற மென்பொருள் குழு தன் நிரலை எங்கே வைப்பது: கிட்ஹப்பா, கிட்லேபா, கோட்பெர்கா? மூன்றும் நிரலை இணையத்தில் வைத்துச் சேர்ந்து வேலை செய்ய உதவும் தளங்கள்.

நிரலைப் பற்றிக் கவலை வேண்டாம். இவை எல்லாம் பயன்படுத்தும் கிட் என்பது நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி. அதில் ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் இடம் மாற்றலாம். தளத்தில் சிக்கிக்கொள்வது, நிரலில் உள்ள பிழைகளைப் பற்றி எழுதப்படும் பதிவுகளும் அவற்றின் கீழ் நடந்த விவாதங்களும்தான். "இந்த வரியை ஏன் இப்படி எழுதினோம்?" என்பதற்குப் பதில் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். அதனால் கணக்கு தொடங்கும் முன்பே அவற்றை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். இதே போன்ற தளமான கூகுள் கோட் 2016-இல் மூடப்பட்டது. பெரிய நிறுவனம் என்பது உத்தரவாதம் ஆகாது.

புதியவர்கள் வந்து சேர கிட்ஹப் எளிது, பலரிடம் ஏற்கெனவே கணக்கு இருக்கும். ஆனால் அது மூடிய மென்பொருள், 2018 முதல் மைக்ரோசாஃப்டின் கையில் இருக்கிறது. 2019-இல் அமெரிக்கத் தடைகளைக் காட்டி ஈரானியர்களின் தனிப்பட்ட களஞ்சியங்களை (பிறர் பார்க்க முடியாத நிரல் தொகுப்புகளை) முடக்கியதும் நடந்தது.

சர்வரைப் பராமரிக்க ஆள் இருந்தால் கிட்லேபின் கட்டற்ற பதிப்பை நிறுவலாம். க்னோம், டெபியன், கேடிஇ போன்ற பெரிய கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் எல்லாம் கிட்லேபைச் சொந்தமாகவே நடத்துகின்றன.

ஆள் இல்லையா? என் தேர்வு கோட்பெர்க். பெர்லினில் உள்ள லாப நோக்கமற்ற சங்கம் அதை நடத்துகிறது. அதன் அடியில் ஓடும் ஃபோர்ஜேயோ என்ற மென்பொருள் கட்டற்றது என்பதால் நாளைக்கு நீங்களே தனியாக நிறுவிக்கொள்ளலாம். கிட்ஹப்பிலிருந்து மாறி வந்தால், அங்குள்ள பிழைப் பதிவுகளையும் ஃபோர்ஜேயோ சேர்த்தே இறக்கிக்கொள்ளும். அப்புறம், தேடி வருபவர்களுக்காக கிட்ஹப்பிலும் ஒரு நகல் இருக்கட்டும்.