வேனை வீடாக்கும் முன்: இருக்கை எப்படி, அடுப்பு எங்கே?

கேள்வி: நாங்கள் ஹட்டன் பக்கம். கணவர், நான், மாமியார், 12 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள். எங்களிடம் சாதாரண நீளமுள்ள கேடிஎச் (டொயோட்டா ஹயஸ்) வேன் ஒன்று இருக்கிறது. பாடசாலை விடுமுறையில் நுவரெலியா, ஹோட்டன் சமவெளி, கதிர்காமம், யாழ்ப்பாணம் என்று போய் வேனிலேயே தங்கி, சமைத்துச் சாப்பிட ஆசை. ஒரு புரோக்கர் படம் காட்டினார். உள்ளே சுற்றிவர சோபா, நடுவில் மேசை, பக்கத்தில் காஸ் அடுப்பும் சிங்க்கும். முன் சீட்டையும் பின்பக்கமாகத் திருப்பும்படி செய்து தருவாராம். முற்பணம் கேட்கிறார். மாமியாருக்கு முழங்கால் வலி. எப்படி அமைத்தால் நல்லது?

பதில்: முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். மற்றதை எல்லாம் ஆறுதலாகப் பேசலாம்.

அவர் காட்டிய படம் பெரும்பாலும் ஐரோப்பிய வேனாக இருக்கும். அந்த வேன்களில் என்ஜின் முன்மூக்கில் இருக்கிறது. அதனால் ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே சுழல் தட்டு வைத்து, வண்டி நின்றதும் சீட்டைப் பின்பக்கம் திருப்பலாம். உங்கள் கேடிஎச்சில் என்ஜின் எங்கே இருக்கிறது? முன் சீட்டைத் தூக்கினால் கண்ணுக்கு முன்னாலேயே கிடக்கும். ஒயில் பார்க்கக்கூட அந்தச் சீட்டைத்தான் கிளப்ப வேண்டும். அதன் மேல் சுழல் தட்டு வைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவருக்கு வேன் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். எப்படியானாலும் அவரிடம் வேலையைக் கொடுக்கக் கூடாது.

அடுத்தது அந்த சோபா. படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். வண்டி நிற்கும்போது உட்காரவும் சுகம். ஆனால் நீங்கள் ஹட்டனிலிருந்து எந்தப் பக்கம் புறப்பட்டாலும் பயணத்தில் பாதி வளைவுதானே. பக்கவாட்டாகப் போட்ட நீள இருக்கையில் இருப்பவரை ஒவ்வொரு வளைவும் முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளும். திடீரென்று பிரேக் பிடித்தால் உடம்பு பக்கமாக மடங்கும், கழுத்து தாங்காது. அந்த சோபாவுக்கு பெல்ட் போட்டுத் தருகிறேன் என்றும் சொல்வார்கள். பெல்ட் என்பது முன்னோக்கி உட்கார்ந்திருக்கும் உடம்பைப் பிடிக்கச் செய்யப்பட்டது. பிளைவூட் பெட்டியில் ஸ்குரூ அடித்துப் பொருத்திய பெல்ட், அடிபடும் நேரத்தில் பெட்டியோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட மலை வீதிகளில்தான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகப் போகிறீர்கள். ஆகவே ஓடும் வண்டியில் எல்லோரும் முன்னோக்கித்தான் உட்கார வேண்டும், கம்பனி பொருத்திய சீட்டில், கம்பனி பெல்ட்டோடு. இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

இப்போது உங்கள் வேனுக்கு வருவோம். சாதாரண கேடிஎச் வெளி அளவில் 4.7 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம். முன் சீட்டுக்குப் பின்னால் உங்களுக்குக் கிடைப்பது சுமார் மூன்று மீட்டர். உள் அகலம் ஒரு பெரிய ஆளைக் குறுக்கே நீட்டிப் படுக்க விடாது, அதனால் படுக்கை நீளவாக்கில்தான் வர வேண்டும். இந்த இடத்தில் நான் சொல்லும் அமைப்பு இதுதான்: கணவர் ஓட்டுகிறார், நீங்கள் பக்கத்தில். இரண்டாவது வரிசை மூல சீட்டை அப்படியே விடுங்கள். அதில் மாமியாரும் பிள்ளைகளும். அதற்குப் பின்னால் உள்ள வரிசைகளைக் கழற்றிவிட்டு, பின் கதவு வரை ஒரு படுக்கைத் தட்டு. அந்தத் தட்டுக்குக் கீழே, பின் கதவுப் பக்கம் இழுத்து எடுக்கும் சமையல் லாச்சி. அவ்வளவுதான். மழை நேரத்தில் உள்ளே உட்கார்ந்து சாப்பிட, சுவரில் மாட்டிக் கழற்றும் பலகை ஒன்று போதும்.

ஐந்து பேரும் அதற்குள் படுக்க முடியாது. முடியும் என்று சொல்பவர் ஐந்து பேரைப் படுக்க வைத்துக் காட்டட்டும். பின்னால் மூன்று பேர் நெருக்கிப் படுக்கலாம், சீட்டில் ஒரு பிள்ளை சுருண்டு படுக்கலாம். மாமியாருக்குப் போகிற இடத்தில் ஒரு ரூம் எடுத்துவிடுங்கள். அந்த விடுதி முற்றத்திலேயே வேனை நிறுத்தினால் கழிவறைப் பிரச்சினையும் தீர்ந்துவிடும். வேனுக்குள் கழிவறை வேண்டாம், இடமும் இல்லை.

உங்கள் கேள்வியில் எனக்கு அதிகம் கவலை தருவது அடுப்புத்தான்.

காஸ் காற்றைவிடக் கனமானது. புரோப்பேன் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. வீட்டில் கசிந்தால் கதவு வழியாகக் கொஞ்சம் வெளியேறும். வேனின் தரை ஒரு தட்டு மாதிரி, கசிந்தது அங்கேயே தேங்கும். மேலே மூக்குக்கு மணம் எட்டும்போது கீழே நிறைந்திருக்கும், பிள்ளை லைட் சுவிட்ச்சைத் தட்டினால் போதும். 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் வெடித்து எத்தனை குசினிகள் சிதறின! அவை கதவும் ஜன்னலும் உள்ள வீடுகள். அப்படியிருக்க, மூடிய வேனுக்குள் படுக்கையிலிருந்து ஓரடி தள்ளி அடுப்பு வைக்க ஒருவர் முற்பணம் கேட்கிறார்.

இன்னொரு தொல்லை மலைநாட்டுக்கே உரியது. தை, மாசியில் நுவரெலியாவில் விடியற்காலை 5 பாகைக்கும் கீழே இறங்கும், புல்லில் உறைபனியும் படியும். அந்தக் குளிரில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே சோறு வடித்தால் ஆவி முழுவதும் தகரத்தில் பட்டுத் தண்ணீராகி மெத்தைக்குள் இறங்கும். இரண்டாம் நாள் மெத்தை மணக்கும், அப்புறம் பூஞ்சணம். எரியும் அடுப்பு விடும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை. குளிருக்கு அடுப்பைக் கொளுத்தி வைத்துக்கொண்டு தூங்கினால் எழும்பாமலே போகலாம். கரிச் சட்டியும் அப்படித்தான்.

ஆகவே சமையல் பின்கதவில். கேடிஎச்சின் பின்கதவு மேல்நோக்கித் திறப்பதால் அதுவே கூரை. இரண்டு பக்கமும் தறப்பாள் தொங்கவிட்டால் ஹட்டன் மழைக்கும் சமாளிக்கலாம், பின்பக்கம் மட்டும் திறந்தே இருக்க வேண்டும். லாச்சியை அரையடி இழுத்துவிட்டுச் சமைக்காமல், அடுப்பு முழுவதும் கதவுக் கோட்டுக்கு வெளியே வரும்வரை இழுங்கள். சிலிண்டர் 5 கிலோ போதும், 12.5 கிலோ வேண்டவே வேண்டாம். அதை நிமிர்த்தி வைத்து, பட்டி போட்டு இறுக்கி, படுக்கைப் பக்கம் துளிக்கூட இடைவெளி இல்லாத தகரப் பெட்டிக்குள் வையுங்கள். பெட்டியின் கதவு பின்பக்கம் மட்டும் திறக்க வேண்டும். பெட்டியின் அடியில், வேன் தரையையும் துளைத்து, கசிந்தது வெளியே விழ ஒரு ஓட்டை இருக்க வேண்டும், சைலன்சர் குழாய்க்குத் தள்ளி. ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டருக்கு மூடி போடுங்கள். ஒவ்வொரு முறை பூட்டும்போதும் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள்.

கேன் போட்டு எரிக்கும் சிறிய அடுப்பு நல்லதா என்றும் பலர் கேட்கிறார்கள். பிளேன்டீ போட நல்லது. ஆனால் அதன் மேல் பெரிய ரொட்டிக்கல்லை வைத்துவிடாதீர்கள். கல்லின் விளிம்பு பக்கத்தில் இருக்கும் கேனுக்கு மேலே நீண்டு, சூட்டைக் கீழே திருப்பிவிடும். கேன் சூடேறி வெடிப்பது அப்படித்தான். குளிரில் இதன் நெருப்பு மந்தமாக எரியும். பியூட்டேன் பூச்சியப் பாகைக்குக் கிட்டவே ஆவியாவதை நிறுத்திவிடும் என்பதுதான் காரணம். அதற்காகக் கேனைச் சுடுதண்ணீரில் வைப்பது ஆபத்து.

உயரத்தில் சோறு வேக நேரம் எடுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நுவரெலியா 1,868 மீட்டர், அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். சின்ன பிரஷர் குக்கர் ஒன்றைக் கொண்டு போனால் காஸ் மிச்சமாகும்.

உள்ளே சமைக்கவே கூடாதா என்றால், ஒரே ஒரு சந்தர்ப்பம் உண்டு. அதையும் அவசரமாக வாசித்துவிட்டு வேலையை ஆரம்பித்துவிடக் கூடாது. விடுதி முற்றத்தில் நிறுத்தி, கட்டடத்திலிருந்து கரண்ட் எடுக்கும்போது இண்டக்‌ஷன் அடுப்பை வேனுக்குள் வைத்துச் சமைக்கலாம். ஆனால் அந்த அடுப்பு 2,000 வாட் என்றால் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். பழைய பங்களாக்களிலும் விடுதிகளிலும் நிறைய இடங்களில் இருப்பது 5 அம்பியர் உருண்டை முள் பிளக். அது 1,150 வாட்டுக்கு மேல் தாங்காது. எடப்டர் போட்டுச் சொருகிவிட்டால் அடுப்பு வேலை செய்யும், சுவருக்குள் வயர் உருகிக்கொண்டிருக்கும். 13 அம்பியர் பிளக் இருக்கிறதா, அதற்கு எர்த் இருக்கிறதா, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நீட்டு வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் தடிப்பாக இருக்க வேண்டும். சுருளாக வைத்துப் பாவித்தால் சுருளே சூடேறும், அதனால் முழுவதையும் விரித்துவிடுங்கள். இணைப்பு ஈரத் தரையில் கிடக்கக் கூடாது. லயத்து அறையில் உறவினர் வீட்டில் தங்கும்போது அங்கிருந்து கரண்ட் எடுக்க வேண்டாம், பல லயங்களின் வயரிங் ஒரு பல்புக்கும் ஃபேனுக்கும் போட்டது. ஜன்னல் ஒன்றைத் திறந்தே வைத்திருங்கள், ஆவி போக. இத்தனையும் சரியாக இருந்தால் மட்டும் உள்ளே சமையுங்கள்.

"பெட்டரியும் இன்வேர்ட்டரும் போட்டால் இண்டக்‌ஷன் ஓடும்" என்பது புரோக்கரின் அடுத்த பாட்டு. 12 வோல்ட், 100 அம்பியர்-மணி லெட் பெட்டரியில் நீங்கள் கெடாமல் எடுக்கக்கூடியது பாதி, அதாவது 600 வாட்-மணி. 2,000 வாட் அடுப்புக்கு அது கால் மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம். அரிசி கொதிக்கத் தொடங்கும்போது பெட்டரி படுத்துவிடும். பெட்டரியை லைட்டுக்கும் போன் சார்ஜுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாரத்தையும் பாருங்கள். தண்ணீர் ஒரு லீட்டர் ஒரு கிலோ. பின் அச்சுக்குப் பின்னால் கூடுதலாக ஏற்றினால் முன் சக்கரம் இலேசாகும், ஏற்றத்தில் ஸ்டியரிங் பிடி தளரும். தண்ணீர் கேன்களை இரண்டாவது சீட்டுக்கு அடுத்து, தரையோடு வையுங்கள். எம்டிஎஃப் பலகை இந்த ஈரத்துக்கு ஊதிப் பிளக்கும், பிளைவூட் எடுங்கள். லாச்சிக்குக் காந்தப் பூட்டு போதாது, ரம்பொடை வளைவில் அம்மிக்கல் கனத்தோடு பாய்ந்து வரும். தட்டினால் விழும் இரும்புக் கொண்டி போடச் சொல்லுங்கள்.

இனி காகித விஷயம். "புத்தகத்தில் கை வைக்க வேண்டியதில்லை, மேடம், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்பார்கள். இருக்கை எண்ணிக்கையோ பொடி வகையோ மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்று, பதிவுப் புத்தகத்திலும் திருத்த வேண்டும். இன்சூரன்ஸ் கம்பனிக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி விபத்து நட்டஈட்டை மறுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். அந்த நாளில் புரோக்கரின் போன் வேலை செய்யாது.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். வேனை இப்படி மாற்ற நினைக்கும் ஒரு குடும்பத்துக்கு எது ஆகும், எது ஆகாது என்று விளங்குகிற தமிழில் ஒரே ஒரு தாளில் எழுதிக் கொடுக்க முடியாதா? மலையிலிருந்து சாமத்தில் பஸ் ஏறித் திணைக்களத்துக்குப் போய், ஒரு கவுண்டரில் கேட்டால் அடுத்த கவுண்டரைக் காட்டுகிறார்கள், அங்கே போனால் இன்னொரு படிவம் வேண்டும் என்கிறார்கள். லீவு போட்டுப் போன ஆசிரியை பின்நேரம் வெறுங்கையோடு திரும்புகிறார். வாசலில் நிற்கும் தரகர் அவரிடம் "நான் முடித்துத் தருகிறேன்" என்கிறார். சட்டத்தைத் தெளிவாகச் சொல்லாத ஒவ்வொரு நாளும் அந்தத் தரகருக்குச் சம்பள நாள். இருந்தாலும் நீங்கள் அவரிடம் போகாதீர்கள். செய்யப்போகும் வேலையின் வரைபடத்தையும் புத்தகப் பிரதியையும் எடுத்துக்கொண்டு, வேலை தொடங்குவதற்கு முன்பே நேரில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கழற்றும் சீட்டுகளை கராஜ்காரரிடம் விட்டுவிடவும் கூடாது. "வைத்திருங்கள், பிறகு எடுக்கிறோம்" என்றால் பிறகு கிடைக்காது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025-இல்தான் திறந்தார்கள், பழைய வேனுக்கும் அதன் சீட்டுக்கும் என்ன மதிப்பு என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். படுக்கைத் தட்டையும் லாச்சியையும் பழைய சீட் போல்ட் துளைகளிலேயே பூட்டச் சொல்லுங்கள், வெல்டிங் வேண்டாம். விற்க நினைத்தால் ஒரு நாளில் பழையபடி வேனாக்கலாம்.

கடைசியாக, மாமியார். முன் சீட் அவருக்கு ஆகாது, சக்கரத்துக்கு மேலே காலைத் தூக்கி ஏற வேண்டும். சறுக்குக் கதவை ஒட்டிய இரண்டாவது வரிசை இருக்கை அவருக்கு. கதவுக்குக் கீழே மடக்கும் படி ஒன்றும், தூணில் ஒரு கைப்பிடியும் போடுங்கள். படியின் மேல் சொரசொரப்பான ரப்பர் வேண்டும், தகரம் மழையில் வழுக்கும். கைப்பிடிக்கு ஓட்டை போடுவதற்கு முன் அவரையே ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லி, கை தானாக எட்டும் உயரத்தில் பென்சிலால் குறி வையுங்கள். கராஜில் வேலை செய்பவர் தன் உயரத்துக்குப் பொருத்தினால் மாமியாருக்கு அது எட்டாது.