குளிர்காலம் முழுக்க நிற்கும் புல்வெட்டிக்கு என்ன செய்வது?

கேள்வி: ஒன்டாரியோவில், மார்க்கம் நகருக்கு வடக்கே இரண்டு ஏக்கரில் உள்ளியும் காய்கறியும் போடுகிறேன். தள்ளுகிற பெட்ரோல் புல்வெட்டி ஒன்று, ஏறி ஓட்டுவது ஒன்று இருக்கிறது. போன வசந்தத்தில் தள்ளுவது ஸ்டார்ட் ஆகவில்லை, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவ வேண்டியதாயிற்று. இந்த முறை போர்வையால் மூடி, வாரம் ஒரு தரம் ஸ்டார்ட் செய்தால் போதுமா ஐயா?

பதில்: போதாது. வாரம் ஒரு தரம் ஸ்டார்ட் செய்யும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். ஐந்து நிமிடம் ஓடி நிறுத்தினால் எஞ்சின் முழுதாகச் சூடாகாது, உள்ளே உண்டாகும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலில் தங்கிவிடும். இந்த எஞ்சின்கள் காற்றால் குளிர்பவை, தண்ணீர் உறைந்து வெடிக்க ரேடியேட்டரே கிடையாது. அதனால் குளிர் நேரடியாக எஞ்சினைக் கெடுப்பது குறைவு, உள்ளே விட்டுவைத்த பெட்ரோல்தான் கெடுக்கிறது. அங்கே கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கும், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் பிசினாகி, கார்பரேட்டரின் ஊசித்துளை போன்ற ஜெட்டை அடைத்துவிடும். உங்களுக்குப் போன வருடம் நடந்ததும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

தள்ளுகிற மெஷினில் டேங்கைக் காலி செய்து, வெளியே வைத்து அது தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். ஏறி ஓட்டுவதற்கு வேறு வழி: புதுப் பெட்ரோலில், அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் என்ற மருந்தை டப்பாவில் போட்ட அளவுப்படி கலந்து டேங்கை நிரப்பி, பத்து நிமிடமாவது ஓட்டுங்கள், அப்போதுதான் மருந்து கார்பரேட்டர் வரை போகும். பழைய பெட்ரோலில் மருந்து ஊற்றிப் பயனில்லை, கெட்டது திரும்பாது.

எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஆயிலை மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும், அது குளிர்காலம் முழுக்க பேரிங்கோடு கிடக்க வேண்டாம். எஞ்சின் ஆறிய பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் ஒரு மேசைக்கரண்டி, சுமார் 15 மில்லி, புது ஆயில் விட்டு, ஸ்டார்ட் கயிற்றை இரண்டு முறை மெதுவாக இழுத்து பிளக்கை மாட்டுங்கள். பிறகு கயிறு இறுகும் இடம்வரை இழுத்து நிறுத்தினால் வால்வுகள் மூடி நிற்கும், ஈரக்காற்று உள்ளே போகாது. அப்புறம் பிளக் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்டுங்கள். மெஷினைச் சாய்த்தால் கார்பரேட்டரும் ஏர் ஃபில்டரும் மேல்பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபில்டர் ஆயிலில் நனைந்துவிடும்.

ஏறி ஓட்டுவதன் பேட்டரியை மறக்க வேண்டாம். முழுச் சார்ஜில் உள்ள லெட்-ஆசிட் பேட்டரி உங்கள் ஊர்க் குளிரில் உறையாது, ஆனால் சார்ஜ் இறங்கியது மைனஸ் 10 டிகிரி வாக்கிலேயே உறைந்து வெடித்துவிடும். மைனஸ் வயரை முதலில் கழற்றி, பேட்டரியை எடுத்து, சார்ஜ் ஏற்றி வையுங்கள்.

டேங்கில் பெட்ரோலுடன் மெஷினைப் பேஸ்மென்டில் ஃபர்னஸ், ஹீட்டர் பக்கம் வைக்கவே கூடாது, ஆவி பற்றிக்கொள்ளும். கராஜோ கொட்டிலோ போதும். மூட பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம், ஈரம் உள்ளேயே நின்று துரு பிடிக்கும், உங்கள் போர்வையே மேல், ஆனால் எலி கூடுகட்டும். புகைக்குழாய் வாயில் கம்பி வலை கட்டுங்கள். வசந்தத்தில் ஸ்டார்ட் செய்யும் முன் வலையை எடுத்துவிட்டு, எஞ்சின் மூடிக்குள் கூடு இருக்கிறதா என்று பார்த்து, புதுப் பெட்ரோல் ஊற்றி இழுங்கள்.