ஜே-கே நிறம் 5 என்றால் குளிர்ந்த விண்மீனா?

பால்வீதி மையத் திசையில் எடுத்த டூமாஸ் (2MASS) என்ற அகச்சிவப்பு வான் கணக்கெடுப்பின் தரவில் ஜே-கே நிறம் 5 வரும் விண்மீன்கள் மிகக் குளிர்ந்தவையா என்று கேட்டிருந்தீர்கள். அநேகமாக இல்லைங்க. ஜே, கே இரண்டும் அகச்சிவப்புப் பட்டைகள்; அவற்றில் அளந்த பொலிவெண்களின் (விண்மீன் மங்க மங்கக் கூடும் எண்) வித்தியாசமே ஜே-கே நிறம். அது கூடினால் விண்மீன் கூடுதல் சிவப்பாகத் தெரிகிறது என்று பொருள். செம்பெருமீனின் இயல்பான நிறம் 1-ஐ ஒட்டித்தான் இருக்கும்; மீதி 4 இடையிலுள்ள தூசியின் வேலை. அலைநீளம் குறையக் குறையத் தூசி அதிகம் மறைக்கும். ஜே 1.25 மைக்ரான், கே 2.2 மைக்ரான், அதனால் ஜே ஒளிதான் பலமாக அடிவாங்குகிறது.

அந்தத் திசையில் கே பட்டையின் மங்கல், நிற மிகையில் (தூசி கூட்டிய அந்த 4-இல்) ஏறக்குறைய பாதி. அப்படியானால் உங்கள் விண்மீன் கே-யில் 2 பொலிவெண், அதாவது ஆறு மடங்கு மங்கியிருக்கிறது. ஜே-யில் 6 பொலிவெண், சுமார் 250 மடங்கு! இந்த நிறத்தை வைத்து வெப்பநிலை கணிக்காதீர்கள்.

அப்புறம், ஜே-க்கும் கே-க்கும் இடைப்பட்ட எச் பட்டையையும் சேர்த்து, ஜே-எச் நிறத்தை எச்-கே நிறத்தோடு வரைந்து பாருங்கள். இடைத்தூசியால் சிவந்தவை ஒரே சாய்கோட்டில் நீளும். எச்-கே மட்டும் கூடுதலாகி விலகி நிற்பவை தம்மைச் சுற்றியே சூடான தூசி வைத்திருக்கலாம். முதலில் அவற்றுக்கு நிறமாலை எடுங்கள்.